பெருவுக்கு டிக்கெட் போட்ட தம்பி

கேள்வி:

டொக்டர், நான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். என் தம்பிக்கு வயது 31. ஏழெட்டு வருடமாகக் கொக்கேயின். முதலில் வெள்ளி, சனி மட்டும் என்றான், அப்புறம் கிழமை நாட்களிலும். கடைசி இரண்டு வருடமாக ஐஸும் (மெத்தாம்பெட்டமைன்) சேர்ந்துவிட்டது. வேலை போய்விட்டது. பேசி வைத்த கல்யாணமும் நின்றுவிட்டது. இரண்டு தரம் மறுவாழ்வு நிலையத்தில் 28 நாள் இருந்தான். வெளியே வந்து மூன்று மாதம் தாண்டவில்லை. இப்போது ஒரு கூட்டாளி சொன்னான் என்று, பெருவில் இக்கிட்டோஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 12 நாள் முகாமுக்குப் பாதிப் பணம் கட்டிவிட்டான். அங்கே அயவாஸ்கா என்று ஒரு மூலிகைக் கஷாயம் கொடுப்பார்களாம், பத்து வருடப் போதையும் ஒரு கிழமையில் போய்விடுமாம். போக இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது. குடும்ப வைத்தியர் எழுதிக் கொடுத்த எசிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை 10 மில்லிகிராம் எட்டு மாதமாக எடுக்கிறான். போன வருடம் ஒருமுறை மூன்று நாள் நித்திரை இல்லாமல், எதிர்வீட்டுக் கமரா தன்னைத்தான் பார்க்கிறது என்று ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டினான். தூங்கி எழும்ப அது சரியாகிவிட்டது. அம்மா, "மூலிகைதானே, ஊரில பேதிக்குக் குடிக்கிற மாதிரி, போய் வரட்டும்" என்கிறா. எங்கள் சின்ன மாமா இருபது வயதில் மனநோய் வந்து அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்று சொல்லிப் பயப்படுகிறவவும் அவதான். இது உண்மையிலேயே வேலை செய்யுமா? விடுவதா, தடுப்பதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலை போனதையும் கல்யாணம் நின்றதையும் அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். அந்த வலி புரிகிறது. ஆனால் என் பதில், நீங்கள் போகிற போக்கில் எழுதிய மூன்று விஷயங்களில் நிற்கிறது: எசிட்டாலோபிராம் மாத்திரை, ஜன்னலுக்கு டேப் ஒட்டிய அந்த மூன்று நாள், அங்கொடையில் இருந்த மாமா. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி இந்தக் கஷாயத்தைக் குடிக்கக் கூடாது.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பி ஏதோ மந்திர தந்திரத்தை நம்பி ஏமாந்து போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எவ்வளவு, அது யாருக்குப் பொருந்தும் என்பதில்தான் பிரச்சினை. முழுசாகச் சொன்னால்தான் நீங்கள் அவரோடு உட்கார்ந்து பேச முடியும். "வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்" என்று மட்டும் போய்ச் சொன்னால், அவர் அன்றைக்கே மீதிப் பணத்தையும் கட்டிவிடுவார்.

முதலில் அம்மாவின் பேதிக் கணக்கு. நீங்கள் நினைப்பதைவிட அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார். பெருவின் அமேசான் பக்கத்தில் அயவாஸ்காவுக்கு இருக்கும் இன்னொரு பெயர் 'லா புர்கா'. பேதி, கழிச்சல் என்றுதான் அர்த்தம். குடித்த பெரும்பாலானோர் வாந்தி எடுப்பார்கள், சிலருக்கு வயிற்றாலும் போகும். அங்குள்ள வைத்தியர்கள் அதைப் பக்கவிளைவு என்று பார்ப்பதில்லை, அழுக்கு வெளியேறுவதாகப் பார்க்கிறார்கள். அங்குள்ள பூர்வகுடிகளின் கெச்சுவா மொழியில் 'அயா' என்றால் ஆவி, இறந்தவர். 'வாஸ்கா' என்றால் கயிறு, கொடி. ஒரு கொடியின் தண்டை இடித்து, சக்ருனா என்ற செடியின் இலையோடு சேர்த்து மணிக்கணக்காகக் காய்ச்சி எடுக்கிறார்கள்.

இந்த இரண்டும் சேருவதில்தான் சூட்சுமம். இலையில் டி.எம்.டி. என்ற பொருள் இருக்கிறது. மனத்தில் காட்சிகளை எழுப்புவது அதுதான். ஆனால் அதை மட்டும் வாயால் உட்கொண்டால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் குடலிலும் ஈரலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடைத்துப் போட்டுவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியைத் தடுத்து நிறுத்துகின்றன. அப்போதுதான் இலையின் சரக்கு மூளைவரை போய்ச் சேரும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யும். ஆய்வுக்கூடம் ஏதும் இல்லாத காட்டில் இந்தச் சேர்க்கையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று நானும் பலமுறை வியந்திருக்கிறேன். ஆனால் அந்த நொதி என்ற சொல்லை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள். தம்பியின் மாத்திரை அங்கேதான் குறுக்கே வரப்போகிறது.

போதைக்கு இது மருந்து என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? பெருவிலேயே, தரபோத்தோ என்ற ஊரிலிருந்து. அது ஹுவல்லாகா ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய பகுதி. 1980களில் அங்கே கோக்கா பயிர் காட்டுத்தீ போலப் பரவியது. இலையிலிருந்து கொக்கேயின் எடுக்கும்போது நடுவில் ஒரு பசை கிடைக்கும். மண்ணெண்ணெயும் அமிலமும் கலந்த அழுக்குப் பசை. அதைப் புகைப்பது மலிவு, அடிமையாவதும் சீக்கிரம். பெருவின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் அதில் விழுந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் தலைநகர் லிமாவில் சிலருக்கு மூளையில் அறுவைச் சிகிச்சைகூடச் செய்து பார்த்தார்கள் என்றால், வைத்தியர்கள் எவ்வளவு கையறு நிலையில் இருந்தார்கள் என்று பாருங்கள்.

அந்தச் சூழ்நிலையில்தான் ஜாக் மபித் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1992இல் தரபோத்தோவில் 'தக்கிவாசி' என்ற நிலையத்தைத் தொடங்கினார். கெச்சுவாவில் 'பாடும் வீடு'. ஊர் வைத்தியர்களிடம் கற்றுக்கொண்டதையும் உளவியல் சிகிச்சையையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். தம்பி கேள்விப்பட்ட வெற்றிக் கதைகளுக்கெல்லாம் வேர் தேடிப் போனால் பெரும்பாலும் இந்த வீட்டு வாசலுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

சரி, அங்கே என்ன நடக்கிறது? ஒருவர் அங்கே தங்குவது ஏறக்குறைய ஒன்பது மாதம். பன்னிரண்டு நாள் அல்ல. முதல் வாரங்களில் அயவாஸ்கா கிடையாது, வேறு செடிகளால் வாந்தி எடுக்க வைத்து உடம்பைக் கழுவுகிறார்கள். தனியாகக் காட்டுக் குடிசையில் உப்பு, சர்க்கரை இல்லாத பத்தியச் சாப்பாட்டோடு நாட்கணக்கில் இருக்க வேண்டும். காலையில் எழுந்து சமைக்க வேண்டும், கூட்ட வேண்டும், தோட்ட வேலை செய்ய வேண்டும். வாராவாரம் உளவியலாளரோடு உட்கார வேண்டும். கூட இருப்பவர்களோடு சண்டை வரும், அதையும் பேசித் தீர்க்க வேண்டும். இதற்கு நடுவில் அங்கங்கே, ராத்திரி நேரத்தில், பாட்டோடு, அந்தக் கஷாயம். ஒன்பது மாதத்தை விட்டுவிட்டுக் கஷாயத்தை மட்டும் எடுத்துப் பன்னிரண்டு நாள் பொதியாகக் கட்டி விற்பதுதான் இக்கிட்டோஸ் வியாபாரம்.

அந்த ஒன்பது மாதத்தில் தேறியவர்கள் கஷாயத்தால் தேறினார்களா, பத்தியத்தாலா, ஊரைவிட்டு, சரக்கு விற்பவனைவிட்டு அவ்வளவு காலம் விலகியிருந்ததாலா? பிரித்துச் சொல்ல முடியாது. அங்கிருந்து வந்த ஆய்வுகளில், சிகிச்சையில் தங்கியவர்களுக்கு ஏக்கமும் மனச்சோர்வும் குறைந்தது தெரிகிறது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. நடுவில் கிளம்பிப் போனவர்கள் பெரும்பாலும் கணக்கில் வருவதும் இல்லை.

நம் கனடாவிலேயே ஒரு சின்ன ஆய்வு நடந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பூர்வகுடிச் சமூகம் கேட்டுக்கொண்டதன் பேரில், கபோர் மாத்தே என்ற மருத்துவரும் குழுவினரும் 2011இல் அங்கே முகாம் நடத்தினார்கள். நாலு நாள், இரண்டு இரவு அயவாஸ்கா, மற்ற நேரத்தில் குழுவாகப் பேச்சு. ஆறு மாதம் வரை 12 பேரைப் பின்தொடர்ந்தார்கள். கொக்கேயின் பாவனை குறிப்பிடும்படி குறைந்தது என்று 2013இல் எழுதினார்கள். கஞ்சாவும் ஹெரோயின் வகைகளும் குறையவில்லை. தம்பியின் கூட்டாளி காட்டியது இந்த ஆய்வாகத்தான் இருக்கும், இணையத்தில் அதிகம் சுற்றுவது இதுதான். நல்ல முயற்சி, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பன்னிரண்டு பேர் என்றால் ஒரு வான் நிறைய ஆட்கள். அவர்களே வாயால் சொன்ன கணக்கு, சிறுநீர்ச் சோதனை இல்லை. அவர்கள் திரும்பிப் போனது தங்களை அழைத்துவந்த அதே சமூகத்துக்குள். அந்த வேலையும் நீடிக்கவில்லை. மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா 2011இலேயே மாத்தேயை நிறுத்தச் சொல்லிவிட்டது.

பிரேசிலில் அயவாஸ்காவைப் பூசைப் பானமாகக் குடிக்கும் மதக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களில் முன்பு குடிகாரர்களாக இருந்து விட்டவர்கள் பலர் என்று 1990களிலிருந்து ஆய்வுகள் சொல்கின்றன. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மாதம் இரண்டு தரம் கூடி, ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி விசாரித்து, வராவிட்டால் வீடு தேடி வரும் சபை ஒன்று கிடைத்தால் பாதிப் பேர் கோப்பித் தண்ணியைக் குடித்தே திருந்திவிடுவார்கள். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன், ஆனாலும் கொஞ்சம்தான்.

கறாராகச் சோதிக்கப்பட்டது மனச்சோர்வில்தான். பிரேசிலின் நத்தால் நகரில், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 29 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வேளை அயவாஸ்கா, மறுபக்கத்துக்குப் போலிக் கஷாயம் கொடுத்தார்கள். ஏழாம் நாள் அயவாஸ்கா குடித்தவர்களில் 64 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நல்ல முன்னேற்றம். 2018இல் வெளிவந்தது. ஒரு வாரக் கணக்கு இது. கொக்கேயினுக்கோ ஐஸுக்கோ இந்த மாதிரி ஒப்பிட்டுச் சோதித்த பெரிய ஆய்வு எதுவும் கிடையாது. இன்னொன்று கவனியுங்கள்: இம்மாதிரி ஆய்வுகளில் மனப்பிறழ்வு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் தம்பி அந்த ஆய்வுக்குப் போயிருந்தால் அவரையும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். எசிட்டாலோபிராம், மூளையில் செரட்டோனின் என்ற பொருளை அதிக நேரம் தங்க வைக்கிறது. கொடியிலுள்ள ஹார்மின் வகைகள் அதே செரட்டோனினை உடைக்கும் நொதியைத் தடுக்கின்றன. தண்ணீர் போகும் இரண்டு மடைகளையும் ஒரே நேரத்தில் அடைத்துவிட்ட மாதிரி. வியர்வை, நடுக்கம், தசை இறுக்கம், கடுங்காய்ச்சல், குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இக்கிட்டோசுக்குச் சாலை வழி கிடையாது, விமானம் அல்லது ஆறு. முகாம்கள் அங்கிருந்தும் படகில் போகிற தூரத்தில் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறினால் என்ன செய்வது?

அப்படியென்றால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமே என்று தம்பி கேட்பார். நிச்சயம் கேட்பார். எசிட்டாலோபிராமைப் படிப்படியாகக் குறைத்து, முழுதாக நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு கிழமை கழிய வேண்டும். அதுவும் வைத்தியர் மேற்பார்வையில். கணக்கு சரி, ஒன்பது கிழமைக்குள் முடியும். ஆனால் ஐஸையும் கொக்கேயினையும் விட முயல்கிற ஒருவருக்கு அந்தக் கிழமைகள்தான் ஆக மோசமானவை. ஊக்கப் போதை நின்றதும் மனம் அதலபாதாளத்துக்குப் போகும், சாவைப் பற்றிய எண்ணம்கூட வரும். பிடித்துக்கொண்டிருக்கிற ஒரே கம்பையும் அந்த நேரம் பார்த்துப் பிடுங்குவதா? நடுவில் தாங்க முடியாமல் ஒருமுறை இழுத்துவிட்டால் அது இன்னொரு பிரச்சினை. அந்த நொதி அடைபட்டிருக்கும் நேரத்தில் உடம்பில் ஐஸோ கொக்கேயினோ இருந்தால் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். அவர் போகப்போவது உலகில் கொலம்பியாவுக்கு அடுத்தபடியாகக் கொக்கேயின் அதிகம் தயாராகும் நாட்டுக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

மாத்திரைச் சிக்கலுக்காவது கஷ்டப்பட்டு ஒரு வழி கண்டுபிடிக்கலாம். ஜன்னலுக்கு டேப் ஒட்டியதற்கு வழியே இல்லை. அது ஐஸ் கொண்டுவந்த மனப்பிறழ்வு. தூங்கி எழும்பச் சரியானது நல்ல விஷயம்தான், ஆனால் அந்தக் கதவு ஒருமுறை திறந்து மூடியிருக்கிறது. தாய்மாமனுக்கு இருபது வயதில் நோய் வந்த குடும்பம் என்றால் தாழ்ப்பாளும் இலேசானதாக இருக்கலாம். ஆறு மணி நேரம் மனத்தைத் தலைகீழாகப் புரட்டுகிற ஒரு பானம் அதை மறுபடி தள்ளித் திறந்து, இந்தமுறை தூங்கி எழும்பியும் மூடாமல் போனால்? எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. இந்த வரலாறு உள்ளவருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பொதுவாக எவ்வளவு ஆபத்து என்று கேட்டால், அயவாஸ்கா குடித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2017 முதல் 2019 வரை எடுத்த உலகக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. வாந்தி, தலைவலி மாதிரி உடல் தொல்லைகள் சுமார் 70 சதவீதம் பேருக்கு. வைத்தியரிடம் போகும் அளவுக்கு 2.3 சதவீதம். அடுத்த வாரங்களிலும் மாதங்களிலும் ஏதோ ஒரு மனத் தொல்லை 56 சதவீதம் பேருக்கு. அவர்களில் பெரும்பாலோர் அதையும் குணமாவதன் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே குடித்தவரெல்லாம் கெட்டுப்போகிறார்கள் என்று தம்பியிடம் பயமுறுத்தாதீர்கள். அது உண்மையும் அல்ல, அவர் நம்பவும் மாட்டார்.

இந்த இடத்தில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் மாற்றி. லொறி ஓட்டுகிறவர். கிராக் (புகைக்கும் கொக்கேயின்) பழக்கம் உள்ளவர். என்னிடம் சொல்லாமலே பெருவுக்குப் போய் வந்தார். வேறு மாத்திரை எதுவும் எடுக்காதவர், உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "டொக்டர், அங்க செத்துப்போன அப்பாவோட கதைச்சன்" என்றார். அழுதார், நானும் கொஞ்சம் கலங்கித்தான் போனேன். அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கி மூன்றாம் நாள், சரக்கு விற்பவனின் பழைய நம்பரிலிருந்து அவருக்கு மெசேஜ் வந்திருக்கிறது. ஐந்து கிழமை பதில் போடாமல் இருந்தார். ஆறாம் கிழமை போட்டார். அந்த ஐந்து கிழமையை நான் அலட்சியம் செய்யவில்லை. அந்த நேரத்தில் ஏதாவது ஒரு திட்டத்தில் அவரைச் சேர்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அவருக்கும் எனக்கும் அது வெகு தாமதமாகப் புரிந்தது.

அப்போ என்னதான் செய்வது? ஹெரோயின் வகைகளுக்கு மெத்தடோன் இருக்கிறது. கொக்கேயினுக்கும் ஐஸுக்கும் அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றும் இல்லை. தம்பி காட்டுக்குள் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம், அந்த விதத்தில் எங்கள் துறையின் தோல்வி அது. ஐஸுக்கு, நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோப்பியோன் மாத்திரையையும் சேர்த்து 403 பேரிடம் நடத்திய ஆய்வு 2021இல் வந்தது. மருந்து பெற்றவர்களில் 13.6 சதவீதம் பேருக்குப் பலன், போலி மருந்தில் 2.5 சதவீதம். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

ஆக அதிகம் நிரூபிக்கப்பட்ட வைத்தியத்தைச் சொன்னால் தம்பி சிரிப்பார். பரிசு கொடுப்பது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் 1990களின் தொடக்கத்தில் கொக்கேயின் அடிமைகளிடம் இதைச் சோதித்தார். கிழமைக்கு மூன்று சிறுநீர்ச் சோதனை. சுத்தமாக இருந்தால் அந்த நிமிடமே ஒரு வவுச்சர், முதல் தடவை 2.50 டொலர். அடுத்தடுத்துச் சுத்தமாக இருந்தால் தொகை ஏறிக்கொண்டே போகும், ஒருமுறை தவறினால் மறுபடி இரண்டரை டொலரிலிருந்து. காசாகக் கொடுப்பதில்லை, மீன்பிடி உரிமமோ சைக்கிள் சாமானோ வாங்கிக்கொள்ளலாம். ஆலோசனையோடு வவுச்சரும் பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் 24 கிழமையும் சிகிச்சையில் நின்றார்கள், ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 40 சதவீதம். பிறகு நான்சி பெட்ரி என்ற உளவியலாளர் செலவைக் குறைக்க மீன்தொட்டியில் சீட்டு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பாதிச் சீட்டில் 'சபாஷ்' என்று மட்டும் எழுதியிருக்கும், மற்றவற்றில் சின்னச் சின்னப் பரிசு, ஒன்றே ஒன்றில் பெரிய பரிசு. நம்மூர்த் திருவிழா அதிர்ஷ்டச் சீட்டேதான்.

முப்பது வயது ஆளுக்கு மிட்டாய் கொடுப்பதா என்று எனக்கும் ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. ஆனால் இந்தப் போதைகள் மூளையில் கெடுத்துவைப்பது எதை என்று பார்த்தால் புரியும். 'நாளைக்குக் கிடைக்கப்போவது' என்பதற்கு அந்த மூளையில் மதிப்பே இல்லாமல் போய்விடுகிறது. இன்று, இப்போது, கையில் என்ற மொழிதான் அதற்கு விளங்கும். பரிசு நின்றதும் சிலருக்குப் பலன் தேய்கிறது என்பதும் உண்மை. அதனால்தான் கூடவே உளவியல் ஆலோசனை, வேலை, தங்கும் இடம் எல்லாம் சேர வேண்டும். தக்கிவாசியின் ஒன்பது மாதமும் இதுவும் பார்க்க மலையும் மடுவுமாகத் தெரியும். இரண்டிலும் ஆளை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறார்கள். தம்பிக்கு இதுவரை கிடைத்தது 28 நாள், இரண்டு முறை. அதில் தோற்றதற்கு அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஒன்டாரியோவில், குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரில் போகக்கூடிய 'ராம்' கிளினிக்குகள் இருக்கின்றன. போதைக்கான விரைவுச் சிகிச்சை நிலையங்கள். உங்களுக்குப் பக்கத்தில் எங்கே என்பதை கனெக்ஸ் ஒன்டாரியோ தொலைபேசி உதவியில் எந்த நேரமும் கேட்கலாம். பரிசு முறை எங்கே நடக்கிறது என்றும் அங்கேயே விசாரியுங்கள், எல்லா இடத்திலும் இல்லை. தம்பியின் மனப்பிறழ்வுக் கதையை அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். குடும்ப வைத்தியருக்கும் அது தெரியாது என்று நினைக்கிறேன்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது? பாஸ்போர்ட்டை ஒளித்து வைக்காதீர்கள். அம்மாவை அழவிட்டுத் தடுக்கவும் வேண்டாம். அவர் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், "நீ குணமாக வேணும் என்று இவ்வளவு தூரம் போக நினைக்கிறாய், அதை நான் மதிக்கிறேன்" என்பதிலிருந்து தொடங்குங்கள். அது பொய்யும் இல்லை. பிறகு ஒரே ஒரு வேலை கேளுங்கள்: அவரே அந்த முகாமுக்கு மூன்று விஷயத்தையும் எழுதட்டும். மாத்திரையின் பெயர், ஜன்னல் சம்பவம், மாமா. பொறுப்பான முகாம் என்றால் வேண்டாம் என்று பதில் வரும், நீங்கள் கெட்ட பெயர் வாங்கத் தேவையில்லை. "மூன்று நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தினால் போதும், வாருங்கள்" என்று பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். அவர் புத்தியுள்ள பிள்ளை, அதைப் படிக்கத் தெரியும். கட்டிய பாதிப் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். அந்தப் பணம் போகட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் போகிறேன் என்றால், வளர்ந்த ஆளைக் கட்டிவைக்க முடியாது. குறைந்தபட்சம் மாத்திரையைத் தன்பாட்டில் நிறுத்தாமல் வைத்தியரோடு பேச வேண்டும், தனியே போகக் கூடாது. கஷாயத்தில் தோயே என்ற பூச்செடியைச் சேர்க்கிறார்களா என்று கேட்க வேண்டும். அது நம்மூர் ஊமத்தையின் உறவு, விஷம். கம்போ என்று ஒரு தவளையின் சுரப்பை உடம்பில் சுட்டுத் தேய்க்கும் சடங்கையும் சில முகாம்கள் கூடவே விற்கின்றன. அதைத் தொடவே கூடாது, அதில் அளவுமீறித் தண்ணீர் குடிக்க வைக்கிறார்கள், அந்தச் சடங்கில் உயிரும் போயிருக்கிறது. இதையெல்லாம் எழுதுவதால் நான் சம்மதம் கொடுத்துவிட்டேன் என்று தம்பி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, பெருவோடு சம்பந்தம் இல்லாத ஒரு விஷயம், எனக்கு இதுதான் ஆக அவசரமாகப் படுகிறது. டொராண்டோவில் இப்போது கிடைக்கும் கொக்கேயினிலும் ஐஸிலும் சிலவேளை ஃபென்டனில் என்ற வீரியமான, ஹெரோயின் வகைப் போதை கலந்து வருகிறது. ஹெரோயின் வகைகள் பழகாத உடம்புக்குத் துளி அளவே போதும், மூச்சு நின்றுவிடும். ஒன்டாரியோ மருந்துக் கடைகளில் அப்படி மூச்சு நின்றவரை மீட்க மூக்கில் அடிக்கும் நலோக்சோன் மருந்து இலவசமாகத் தருகிறார்கள், எப்படிப் பாவிப்பது என்றும் ஐந்து நிமிடத்தில் காட்டித் தருவார்கள். இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் கைப்பையில், ஒன்று அம்மாவின் சமையலறையில், தேயிலை டின்னுக்குப் பக்கத்தில். அம்மாவுக்கும் அடிக்கப் பழக்கிவிடுங்கள். முதலில் 911ஐ அழைத்துவிட்டு உடனே அடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.